‘மோட்டன் ஸ்விங்’கை கிரிட்டில் உட்கார வைக்கலாமா?

வாசகர் கடிதம், சுருக்கமாக

எழுதியிருப்பவர் ஒரு மாவட்டத் தலைநகரில் மெல்லிசைக் குழு நடத்தும் 41 வயது கீபோர்டு கலைஞர். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். முகூர்த்த மாதங்களில் இவருக்கு மூச்சுவிட நேரமிருக்காது. ஆடி வந்தால் கை சும்மா இருக்கும். அப்படி ஓர் ஆடியில் நண்பர் அனுப்பிய பழைய ஜாஸ் பதிவு ஒன்று இவரைப் பிடித்துக்கொண்டது. பென்னி மோட்டன் குழு 1932 டிசம்பரில் பதிவுசெய்த ‘மோட்டன் ஸ்விங்’.

“நூறு தடவையாவது கேட்டிருப்பேன் சார். காலு தானா ஆடுது. ஆனா கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்த்தா ஒண்ணுமே உட்கார மாட்டேங்குது” என்று தொடங்குகிறது கடிதம். டெம்போ நகர்ந்துகொண்டே இருக்கிறதாம். ட்யூனரில், பாட்டின் ஆதார சுருதியான ஏ பிளாட்டுக்கு 30 செண்ட் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்குதான் ஒரு செண்ட்) மேலே காட்டுகிறதாம். ஸ்விங் என்ற ஜாஸ் நடையில் ஓர் அடியை மூன்றாகப் பிரித்து (ட்ரிப்லெட்), முதல் சுரத்துக்கு இரண்டு பங்கு, அடுத்ததுக்கு ஒன்று என்று படித்திருக்கிறார். இதில் வாசிப்பவர்கள் யாரும் அந்தக் கணக்கில் நிற்கவில்லை. எனவே ஒரு திட்டம் போட்டிருக்கிறார்: எல்லா அடிகளையும் கிரிட்டுக்கு, அதாவது மென்பொருள் சம இடைவெளியில் போட்டிருக்கும் கோடுகளுக்கு, இழுத்துச் சரிசெய்வது, இரைச்சலைத் துடைப்பது, கடைசியில் வரும் ரிஃப்பை (மறுபடி மறுபடி வரும் சின்ன இசைச் சொற்றொடர்) வெட்டியெடுத்துத் திரும்பத் திரும்ப ஓடும் லூப் ஆக்குவது, அப்புறம் தன் சேனலில் ‘புதுப்பிக்கப்பட்டது’ என்று ஏற்றுவது. அதையே பின்னணியாக ஓடவிட்டு ஒரு கல்லூரி விழாவில் வாசிக்கவும் உத்தேசம்.

இதில் ஒரு சண்டையும் இருக்கிறது. பதினான்கு வருடமாகக் கூட வாசிக்கும் டிரம்மர், “அதத் தொட்டீங்கன்னா செத்துப்போயிடும்” என்று சொல்லியிருக்கிறார். இவர் பதிலுக்கு, ஒத்திகையில் டிரம்மர் எத்தனை மில்லி செகண்ட் பிந்துகிறார் என்று அளந்து, வரைபடமாகப் போட்டு, எல்லோர் முன்னிலும் காட்டியிருக்கிறார். டிரம்மர் இரண்டு ஒத்திகைக்கு வரவில்லை.

இவருடைய கேள்விகள்: இது உண்மையில் ஸ்விங்தானா, அது 1935-ல்தானே தொடங்கியது? சரிசெய்வதில் தவறு உண்டா? தொண்ணூறு வருடம் தாண்டிவிட்டதால் உரிமைப் பிரச்சினை இருக்காதல்லவா?

அன்புள்ள நண்பருக்கு,

மூன்று பக்கக் கடிதத்தில் டிரம்மரைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பது நான்கே வரி. கடிதம் முழுக்க உங்களைக் குடைவது அந்த நான்கு வரிதான் என்று தோன்றுகிறது. அதைக் கடைசியில் பேசுவோம். ஒலிப்பதிவுக் கூடத்திலும் வகுப்பறையிலுமாக இந்தத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், முதலில் பதிவைப் பற்றி.

ஆண்டுக் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 1935 ஆகஸ்ட் 21 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் பாலோமர் நடன அரங்கில் பென்னி குட்மன் குழுவுக்குக் கிடைத்த வரவேற்பைத்தான் பல புத்தகங்கள் ‘ஸ்விங் யுகத்தின் தொடக்கம்’ என்று சொல்கின்றன. அது நாடு முழுக்க இளைஞர்கள் அந்த இசைக்குத் திரண்ட தேதி. இசை பிறந்த தேதி இல்லை. குட்மன் குழு அன்று வாசித்த முக்கியமான இசைக்கோப்புகள் பல, கறுப்பினக் குழு ஒன்றைப் பல வருடம் நடத்திய ஃபிளெட்சர் ஹெண்டர்சன் எழுதியவை. டியூக் எலிங்டன் தலைப்பிலேயே ‘ஸ்விங்’ என்ற சொல்லை வைத்த பாட்டை 1932 பிப்ரவரியிலேயே பதிவுசெய்துவிட்டார். நீங்கள் கேட்கும் பதிவு அதே ஆண்டு டிசம்பர் 13-ம் தேதியுடையது. ஆகவே சந்தேகமே வேண்டாம், இது ஸ்விங்தான். ஆரம்ப காலத்து ஸ்விங்கில் எனக்கு இதைவிடப் பிடித்தது வேறொன்று இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் பதில் ஒருதலைப்பட்சமாகத் தோன்றினால் காரணம் அதுதான்.

சுருதி விலகியது குழுவாலா, தட்டாலா?

‘30 செண்ட் மேலே இருக்கிறது, சுருதி சேர்க்காமல் வாசித்திருக்கிறார்கள்’ என்று முடிவு கட்டிவிட்டீர்கள். அவசரப்பட வேண்டாம். உங்களிடம் இருப்பது இசைத்தட்டு இல்லை, யாரோ எப்போதோ ஓர் இசைத்தட்டைச் சுழலவிட்டு எடுத்த டிஜிட்டல் படி. நிமிடத்துக்கு 78 சுற்று என்று பெயர்தானே தவிர, அந்தக் காலத்தில் வெட்டிய வேகமும் பிற்காலத்தில் படியெடுத்தவர் வைத்த வேகமும் ஒன்றாக இருந்தே தீரும் என்று சொல்ல முடியாது. 78-க்குப் பதில் 79 சுற்று ஓடினால் சுருதி 22 செண்ட் ஏறும். உங்கள் 30 செண்ட் என்பது ஒன்றரைச் சுற்றுக்கும் குறைவான வித்தியாசம். ஒரு விரல் பட்டால் போதும்.

சுருதி ஏறும்போது டெம்போவும் கூடவே ஏறும். 30 செண்ட் என்றால் ஏறக்குறைய 1.75 சதவீதம், நிமிடத்துக்கு 200 அடி என்பது 203-ஐத் தாண்டிக் காட்டும். எனவே நீங்கள் டெம்போவை அளந்ததே தப்பான அடித்தளத்தில். முழுப் பதிவின் வேகத்தையும் ஒரே அளவில் குறைத்து, பியானோவும் பிராஸும் (டிரம்பெட் போன்ற பித்தளை ஊதுகருவிகள்) ஏ பிளாட்டில் வந்து நிற்கும் இடத்தில் வையுங்கள். சுருதியையும் வேகத்தையும் தனித்தனியாக மாற்றும் வசதியைத் தொடாதீர்கள். தட்டின் வேகத்தைக் குறைப்பதுபோல இரண்டும் சேர்ந்தே இறங்கட்டும். இந்த ஒரு திருத்தத்தைத் தாராளமாகச் செய்யலாம். சொல்லப்போனால் செய்ய வேண்டியதே இதுதான்.

அப்போதும் டெம்போ கொஞ்சம் நகரும். நகரட்டும். காதில் கிளிக் (வேகம் காட்டும் மெட்ரோனோம் சத்தம்) மாட்டிக்கொண்டு வாசித்தவர்கள் இல்லை அவர்கள். மெழுகுத் தட்டில் நேரடியாக வெட்டிய பதிவு. நடுவில் நிறுத்தி ஒட்ட முடியாது. யாராவது தடுமாறினால் அந்தத் தட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து வாசிக்க வேண்டும். ஒரு பக்கத்தில் அடங்குவது மூன்று நிமிடமும் சில்லறையும். குழுவே ஒன்றாக ஒரு மூச்சு முன்னால் சாய்ந்தால், ஆடுபவருக்கு அது உற்சாகமாகத்தான் தெரியும்.

இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கு

நீங்கள் படித்தது வகுப்பறைக்காகச் சொல்வது. நானும் முதல் வாரத்தில் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன், ஏதாவது சொல்லித்தானே ஆக வேண்டும். ஆனால் அந்த விகிதம் வேகத்தோடு மாறும். மெதுவான பாட்டில் முதல் பாதி மிக நீளும், இரண்டாவது பாதி கடைசி நேரத்தில் ஓடிவந்து ஏறும். வேகம் கூடக்கூட இரண்டும் சமமாகிக்கொண்டே வரும். நிமிடத்துக்கு 200 அடி என்று வையுங்கள். ஓர் அடிக்கு 300 மில்லி செகண்ட். உங்கள் ட்ரிப்லெட் கணக்குப்படி 200, 100 என்று பிரிய வேண்டும். அந்த வேகத்தில் நல்ல வாசிப்பாளர்கள் பலர் அதைவிடச் சமமாகத்தான் பிரிப்பார்கள். 200, 100 என்று கண்டிப்பாகப் பிரித்தால் குதிரை நொண்டுவதுபோல ஒலிக்கும்.

நீங்கள் ‘தப்பு’ என்று குறித்திருக்கும் இடங்கள் பெரும்பாலும் எங்கே? தனி வாசிப்பில், அடியின் தலையில். சாக்ஸோ டிரம்பெட்டோ அடிக்குச் சற்றுப் பின்னால் விழுகிறது. இதை ஜெர்மனியின் கோட்டிங்கனில் இயற்பியலாளர்கள் ஆராய்ந்து 2022-ல் வெளியிட்டார்கள். பதிவான தனி வாசிப்புகளில் அடியின் தலையில் வரும் சுரங்களை மட்டும் தாளப் பிரிவைவிட (பேஸ், டிரம்ஸ் போன்றவை) 30 மில்லி செகண்ட் பிந்தச் செய்து, அடிகளுக்கு நடுவில் வரும் சுரங்களைத் தாளத்தோடு ஒட்டியே விட்டார்கள். ஜாஸ் கலைஞர்களிடம் போட்டுக்காட்டியபோது, இப்படிப் பிந்தியதைத்தான் நல்ல ஸ்விங் என்றார்கள். அதே குழுவின் முந்தைய ஆய்வு இன்னொன்றும் சொல்கிறது: தற்செயலாக விழும் சின்னச் சின்னப் பிசிறுகள் ஸ்விங்கைத் தருவதில்லை. அவற்றை நீக்கினாலும் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

இது நம் இருவருக்குமே பாடம். பழைய பதிவில் மனிதப் பிசிறு இருப்பதால்தான் உயிர் இருக்கிறது என்று என்னைப் போன்றவர்கள் மேடையில் உருகுவது முழு உண்மை இல்லை. மென்பொருளில் இருக்கும் ‘மனிதத்தனம் சேர்’ என்ற பொத்தானை அழுத்தினால் ஸ்விங் வந்துவிடாது, குழப்பம்தான் வரும். பிந்துவதில் ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும். தலையில் பிந்தி, நடுவில் வந்து சேர வேண்டும். நீங்கள் எல்லாவற்றையும் கிரிட்டுக்கு இழுத்தால் தற்செயல் பிசிறோடு இந்த ஒழுங்கும் சேர்ந்தே போய்விடும்.

கடிதத்தில் ‘தாளம் தொடங்கிய பிறகு பாட்டு தொடங்குமே, நம்ம அனாகத எடுப்பு மாதிரியா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். மிருதங்கம் கற்றவர் அல்லவா, தோன்றத்தான் செய்யும். ஆனால் அது வேறு. எடுப்பு அரை இடமா, முக்கால் இடமா என்று விரல் விட்டு எண்ணிச் சொல்லிவிடலாம். இங்கே நடப்பது எண்ணிக்கைக்குக் கீழே. 300 மில்லி செகண்டில் 30 என்றால் அடியில் பத்தில் ஒரு பங்கு. எந்த விரலிலும் அடங்காது. கணக்கு வழியாக அதற்குள் நுழையப் பார்த்தால் கையில் ஒன்றும் சிக்காது.

நானே பட்டிருக்கிறேன். பல வருடம் முன்பு ஒரு பியானோ கலைஞரின் ஸ்விங் பதிவை, கேட்டவர் ஆசைப்பட்டார் என்று, இரவெல்லாம் உட்கார்ந்து சுரம் சுரமாக நேராக்கினேன். திரையில் செங்கல் சுவர்போல வரிசையாக நின்றது. காலையில் அந்தக் கலைஞர் வந்து கேட்டார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, “இது யார் வாசிச்சது?” என்றார். கோபமாகக்கூட இல்லை. பழைய கோப்பை நான் அழிக்காமல் வைத்திருந்ததால் தப்பித்தேன்.

அந்த மூன்று நிமிடத்தில் என்ன நடக்கிறது

இப்போது கம்ப்யூட்டர் திரையை அணைத்துவிட்டுக் கேளுங்கள். முதலில் இடத்தை மனதில் கொண்டுவாருங்கள். நியூஜெர்சி மாநிலம் கேம்டன் நகரம், விக்டர் நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடம். முன்பு தேவாலயமாக இருந்த கட்டடம். குழு ஒலிக்கும்போது சுற்றிலும் காற்றோட்டம் இருப்பதுபோல ஓர் உணர்வு வருகிறதே, அதில் அந்தக் கூரைக்கும் பங்கு உண்டு. இதை ‘இரைச்சல்’ என்று நினைத்துத் துடைத்துவிடாதீர்கள்.

வந்திருப்பவர்கள் மிசௌரி மாநிலம் கான்சஸ் சிட்டியைச் சேர்ந்த குழுவினர். பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவில் கிழக்குப் பக்கம் சுற்றுப்பயணம் வந்து, கையில் காசில்லாமல் மாட்டிக்கொண்டவர்கள். சாக்ஸ் வாசித்த எட்டி பேர்ஃபீல்ட் பிற்காலத்தில் சொன்னபடி, பதிவுக்குப் போகும் முன் எங்கோ கிடைத்த முயல் குழம்பைத்தான் வயிறாரத் தின்றிருக்கிறார்கள். ஒரே நாளில் பத்துப் பாட்டு வெட்டினார்கள். பதிவைக் கேட்டால் பசித்தவர்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

உங்கள் காதை முதலில் கீழே கொண்டுபோங்கள், பேஸுக்கு. வாசிப்பவர் வால்டர் பேஜ். 1920-களில் மோட்டன் குழுவில் அந்த இடத்தில் டூபாவும் பாஞ்சோவும் இருந்தன. டூபா ஊதுபவருக்கு மூச்சு வேண்டும், அதனால் பெரும்பாலும் ஒன்று, மூன்று என்று அடிவிட்டு அடி. பாஞ்சோ ‘டங் டங்’ என்று ஒவ்வொரு அடியிலும் ஆணி அடிக்கும். அதே குழு 1928-ல் விக்டருக்காகப் பதிவுசெய்த ‘சவுத்’ கிடைத்தால் கேளுங்கள். இனிமையான பாட்டுதான், கால் மேலும் கீழும் குதிக்கும். அடுத்தபடியாகவே ‘மோட்டன் ஸ்விங்’ போடுங்கள். உடம்பு முன்னால் போகும். நான்காண்டில் கீழே இருந்த தரையையே மாற்றிவிட்டார்கள். பேஜ் தந்தியை இழுத்து நான்கு அடியையும் வாசிக்கிறார். ஒரு சுரம் அடங்குவதற்குள் அடுத்தது வந்து கை கோத்துக்கொள்கிறது. பாஞ்சோ போய் கிட்டார் வந்துவிட்டது. நான்கு அடிக்கும் ஒரே எடை. மேலே இருப்பவர்கள் பிந்தலாம், முந்தலாம், தொங்கலாம். விழுந்தால் தாங்கக் கீழே ஆள் இருக்கிறார்.

உங்கள் செல்போன் ஸ்பீக்கரில் இது எதுவும் கேட்காது என்பதையும் சொல்ல வேண்டும். நீங்கள் நூறு முறை கேட்டது எதில் என்று எழுதவில்லை. நல்ல ஹெட்போன் ஒன்றை இரவல் வாங்கியாவது ஒருமுறை கேளுங்கள்.

அடுத்து, தொடக்கத்தில் வரும் பியானோ. கவுன்ட் பேஸி. ‘பேஸி என்றால் நாலே நாலு சுரம் வைத்துவிட்டுச் சும்மா இருப்பார்’ என்று எழுதியிருந்தீர்கள். அது பிறகு, தன் சொந்தக் குழுவில், 1930-களின் பிற்பாதியில் ஆனவர். 1932-ல் அவருக்கு 28 வயது. இடதுகை கீழே ஒரு சுரம், மேலே ஒரு கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சில சுரங்கள்) என்று தாவித் தாவிப் போகும் பழைய ஸ்ட்ரைட் பாணி இன்னும் கையில் இருக்கிறது. பேஜின் பேஸ் கீழே ஓட ஓட, இந்த இடதுகைக்கு வேலை குறைந்துகொண்டே வருவதை நாம் கேட்கிறோம் என்றுதான் எனக்குத் தோன்றும். பின்னாளின் சிக்கனம் இந்தக் கூட்டிலிருந்து வந்திருக்க வேண்டும். இது என் ஊகம், அடித்துச் சொல்ல மாட்டேன்.

அமைப்பு எளிமையானது. எட்டு மாத்திரைக் கட்டமாக நான்கு, மொத்தம் 32 (இங்கே மாத்திரை என்பது நான்கு அடி கொண்ட ஒரு ‘பார்’). இந்த 32 ஒருமுறை ஓடினால் ஒரு கோரஸ். முதல் இரண்டும் கடைசியும் ஒன்றேதான், ஏ பிளாட்டில். மூன்றாவது மட்டும் திடீரென்று சி மேஜருக்குத் தாவுகிறது. கீபோர்டில் வைத்துப் பாருங்கள்: ஏ பிளாட் கார்டில் நடுவில் இருக்கும் சி, அடுத்த கார்டில் ஆதாரமாகிறது. ஒரே தூணைப் பிடித்துக்கொண்டு அடுத்த திண்ணைக்குத் தாவுவது மாதிரி. அறைக்குள் விளக்குப் போட்டதுபோல அந்த எட்டு மாத்திரை பளிச்சென்று இருக்கும், அப்புறம் மறுபடியும் பழைய நிறம்.

பேர்ஃபீல்டின் ஆல்டோ சாக்ஸ் தனி வாசிப்பு இந்தப் பதிவில் என் கண்ணுக்குத் தங்கம். ஹாட் லிப்ஸ் பேஜின் டிரம்பெட் அதைவிடச் சூடு. இரண்டிலும் ஒன்றைக் கவனியுங்கள், சொற்றொடர் எங்கே முடிகிறது என்று. பெரும்பாலும் நீங்கள் எதிர்பார்க்கும் அடியில் முடியாது. பின்னால் சாக்ஸ் கூட்டமும் பிராஸ் கூட்டமும் சின்னச் சின்ன வாக்கியங்களாகக் குறுக்கே பேசிக்கொண்டிருக்கும். கோயில் திருவிழாவில் இரண்டு செட் மேளம் மாறி மாறி வாசிப்பதைக் கேட்ட உங்களுக்கு இந்தப் பதில் விளையாட்டை விளக்க வேண்டியதில்லை.

கடைசியில் வருகிறது, நீங்கள் லூப் ஆக்க விரும்பும் அந்த ரிஃப். கொஞ்சம் யோசியுங்கள். இந்தப் பாட்டு என்றாலே எல்லோரும் முணுமுணுப்பது அதைத்தான். வேறொரு குழுவாக இருந்தால் அதை முதலிலேயே வாசித்திருக்கும். இவர்களோ கடைசிக் கோரஸ் வரை அதை வெளியே எடுக்கவில்லை. அதுவரை கேட்டதெல்லாம் அதற்கான வழி. முன்னாலிருப்பதை வெட்டிவிட்டு லூப் போட்டால், சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்ததுமே பாயசத்தை ஊற்றி, மறுபடி மறுபடி அதையே ஊற்றுவதுபோல ஆகிவிடும். அதுமட்டுமில்லை, ரிஃப் திரும்ப வரும்போது கீழே கார்டு மாறியிருக்கிறது, ஊதும் அழுத்தம் ஏறியிருக்கிறது. அதே சொல்லை ஒருவர் மூன்று முறை சொன்னாலும் மூன்றாவது முறை அர்த்தம் வேறு அல்லவா? லூப்பில் மூன்றும் ஒன்றே.

இரைச்சல், உரிமை

மெலிதாக இரைச்சல் குறைக்கலாம். சொடக்கு, கீறல் சத்தம் போன்றவற்றைத் தனித்தனியாக எடுப்பதில் ஆபத்து குறைவு. ஆனால் மொத்தமாக வரும் ‘ஷ்ஷ்’ சத்தத்தை முழுக்கத் துடைக்கப் போனால், சிம்பலும் பிராஸின் மேல் ஓசையும் அதே உயரத்தில்தான் இருக்கின்றன, சேர்ந்தே போய்விடும். துடைத்ததை மட்டும் தனியாகக் கேட்க மென்பொருளில் வசதி இருக்கும். அதில் தாளம் கேட்டால், நீங்கள் இசையைத் துடைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

வலையேற்றுவதற்கு வருகிறேன். நான் வழக்கறிஞன் இல்லை. பணம் சம்பந்தப்பட்டதென்றால் ஒருவரைப் பார்த்துவிடுங்கள். தொழிலில் பழகியதால் தெரிந்ததைச் சொல்கிறேன். இந்தியச் சட்டத்தில் ஒலிப்பதிவுக்கு உரிமைக் காலம், வெளியான அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடம். அந்தக் கணக்கை வைத்துத்தான் நீங்கள் பேசுகிறீர்கள். ஆனால் உங்கள் சேனல் இந்தியாவில் மட்டும் தெரிவதில்லை. அமெரிக்காவில் 2018-ல் வந்த சட்டப்படி, 1923 முதல் 1946 வரை வெளியான ஒலிப்பதிவுகளுக்கு வெளியானதிலிருந்து 100 ஆண்டு பாதுகாப்பு. 1932-ல் பதிவான இது 2030-களில்தான் பொதுச்சொத்தாகும். தானியங்கிச் சோதனையில் பொருந்தி, உரிமைகோரல் வருவதற்கு வாய்ப்பு நிறைய. பதிவின் உரிமை வேறு, மெட்டின் உரிமை வேறு என்பதையும் மறக்க வேண்டாம்.

‘புதுப்பிக்கப்பட்டது’ என்ற சொல்லும் எனக்குப் பிடிக்கவில்லை. கிரிட்டில் இழுத்து, லூப் போட்ட பிறகு அது மோட்டன் குழுவின் வாசிப்பு இல்லை. முதல்முறை கேட்கும் ஒரு பையன் அதைத்தான் 1932 என்று நம்புவான்.

அப்படியானால் விழாவுக்கு என்ன செய்வது? வழி அந்தப் பதிவிலேயே இருக்கிறது. ‘மோட்டன் ஸ்விங்’கின் கார்டு வரிசை அவர்களுடையது இல்லை. வால்டர் டொனால்ட்சன் 1930-ல் எழுதிய ‘யூ ஆர் டிரைவிங் மீ கிரேஸி’ என்ற பிரபலப் பாட்டினுடையது. அதன் மெட்டைக் கழற்றிவிட்டு, கார்டுகளின் மேல் தங்கள் ரிஃப்களை வைத்தார்கள். தட்டில் பெயர் பென்னி மோட்டன், பஸ்டர் மோட்டன் என்று போனாலும், உண்மையில் செய்தது குழுவில் வாசித்த எட்டி டர்ஹமும் பேர்ஃபீல்டும் என்று குழுவில் இருந்தவர்கள் பின்னால் சொன்னார்கள். உரிமை கோருவது பொதுவாக மெட்டுக்குத்தான். வெறும் கார்டு வரிசைக்கு யாரும் சொந்தம் கொண்டாடுவது நடைமுறையில் இல்லை. அன்றைக்கு ஜாஸ் குழுக்கள் நிறையச் செய்த வேலை இது. அதே நாளில் பதிவான ‘டோபி’யும் அப்படி வேறொரு பாட்டின் எலும்புக்கூட்டின் மேல் கட்டியதுதான்.

நீங்களும் செய்யுங்கள். அதே 32 மாத்திரை, அதே கார்டுகள், மேலே உங்கள் குழுவின் சொந்த ரிஃப். எழுதிக்கொண்டு போகாதீர்கள். கான்சஸ் சிட்டிக் குழுக்கள் பல ரிஃப்களை வாசிக்கும் இடத்திலேயே ஒருவர் தொடங்க மற்றவர் பிடித்துக்கொள்ள என்றுதான் உருவாக்கின. சாக்ஸ்காரர் இரண்டு மாத்திரைக்கு ஒன்று வாசிக்கட்டும், டிரம்பெட் அதற்குப் பதில் சொல்லட்டும். மேடையில் பின்னணிக் கோப்பு ஓடவிட வேண்டிய அவசியமே வராது. கிளிக்குக்கு அடிமையாக ஏழு பேர் நிற்கும் ஸ்விங் கச்சேரியைக் கேட்க நானாக இருந்தால் வர மாட்டேன்.

டிரம்மர்

உங்கள் வரைபடத்தை எனக்கும் அனுப்பியிருந்தீர்கள். அதைப் பார்த்துத்தான் இந்தப் பதிலை எழுதவே உட்கார்ந்தேன். அவருடைய சிம்பல் அடிகள் கிளிக்குக்குச் சராசரியாகப் பிந்தியிருக்கின்றன, சரி. ஆனால் அந்தப் பிந்தல் பாட்டு முழுக்க ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கிறது. தடுமாறுபவரின் வரைபடம் பல்லிளித்துக்கொண்டு மேலும் கீழும் போகும். இவருடையது கோடு கிழித்ததுபோல இருக்கிறது. இவர் கிளிக்கைக் கேட்கவில்லை, உங்கள் பேஸ் கிட்டார்காரரைக் கேட்டு அவரோடு போயிருக்கிறார் என்று நினைக்கிறேன். அதே கோப்பில் பேஸையும் அளந்து பாருங்கள். இருவரும் சேர்ந்தே இருந்தால், கிளிக்கோடு தனியாக ஓடிக்கொண்டிருந்தது நீங்கள் மட்டும்தான்.

அவர் சொன்னதுதான் சரி என்று மட்டும் நான் தீர்ப்புச் சொல்லவில்லை. ஸ்விங்கில் தாளப் பிரிவு மொத்தமும் பிந்தினால் பாட்டு கனத்துப்போகும், அது நல்லதில்லை. தனி வாசிப்பவர் பிந்தத்தான் கீழே ஒரு நிலையான தரை வேண்டும். தரையே பிந்தினால் யார் எதிலிருந்து பிந்துவது? ஆனால் இதைப் பேசும் முறை வேறு. பதினான்கு வருடம் கூட வாசித்தவரிடம் எல்லோர் முன்னாலும் திரையைத் திருப்பிக் காட்டியது, நீங்களே எழுதியிருக்கிறீர்கள், “கொஞ்சம் ஓவராப் போயிட்டேன்” என்று. அந்த வாக்கியத்தை எனக்கு எழுதியதற்குப் பதில் அவருக்குச் சொல்லியிருக்கலாம்.

போனில் வேண்டாம், நேரில் போங்கள். மன்னிப்புக்குச் சுற்றி வளைத்து முன்னுரை எதுவும் வேண்டாம், ஹெட்போனையும் பதிவையும் எடுத்துக்கொண்டு போங்கள். வில்லி மெக்வாஷிங்டன் என்று அந்தக் குழுவின் டிரம்மர் பெயர். பதிவில் அவர் பெரிதாக முன்னால் கேட்கவே மாட்டார். பேஸும் கிட்டாரும் போகும் அதே தரையில் கலந்துபோயிருப்பார். அவரைத் தேடிக் கண்டுபிடித்து உங்களுக்குக் காட்டும்படி நண்பரிடமே கேளுங்கள். உங்களுக்குக் கேட்காத ஏதோ ஒன்று அவருக்குக் கேட்டிருக்கிறது, அதனால்தான் ‘தொட்டால் செத்துவிடும்’ என்றார்.

அடுத்த ஒத்திகையில் முதல் அரைமணி நேரம் நீங்கள் கீபோர்டைத் தொடாதீர்கள். பேஸ் கிட்டார், டிரம்ஸ், ரிதம் கிட்டார் மூன்றும் மட்டும், அந்த 32 மாத்திரையை நிதானமான வேகத்தில், நான்கு அடியும் சம எடையில், சத்தம் ஏற்றாமல் வாசிக்கட்டும். பேஸ்காரர் ஒவ்வொரு சுரத்தையும் அடுத்தது வரும்வரை பிடித்திருக்க வேண்டும், அதை மட்டும் சொல்லுங்கள். நீங்கள் எதிரே உட்கார்ந்து இரண்டிலும் நான்கிலும் கைதட்டுங்கள். கணக்கு மறந்து, கை தானாகத் தட்டத் தொடங்கிய பிறகு சாக்ஸ்காரருக்குத் தலையசையுங்கள். ரிஃப் யாருக்குத் தோன்றினாலும் சரி, அதைக் கடைசிக் கோரஸுக்கென்று எடுத்து வையுங்கள்.